ஒழுகும் இடமும் அடைபட்ட இடமும்

ஷா ஆலமில் கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனை. எண்டோஸ்கோப்பி பிரிவின் அலமாரியைத் தாதி திறந்தார். நீளநீளமான பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் விட்டமும் நீளமும் அச்சாகியிருந்தன. மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்குக் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு. எடை குறைக்க இரைப்பையை வெட்டித் தைத்த இடம் சிலருக்கு ஒழுகும். அப்போது இந்தப் பெட்டிகள் வேண்டும்.

“முதல்ல சி.டி. ஸ்கேன்,” என்றார் டாக்டர். “வெளியே சீழ் தேங்கியிருந்தா வடிக்கணும். வடிக்காம மூடினா கிருமியை உள்ளேயே அடைச்ச மாதிரி.”

நிட்டினோல் என்ற உலோகக் கம்பியாலான வலைக்குழாய் (ஸ்டென்ட்) ஒன்றை டாக்டர் என் கையில் தந்தார். முழுக்கச் சிலிக்கோன் பூசியது. எளிதாகக் கழற்றலாம், ஆனால் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். முனைகளில் மட்டும் பூச்சில்லாத இன்னொன்றில் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், நகராது. நாள் கடந்தால் அந்தப் பிடியே சிக்கல். அப்போது அதற்குள் முழுப்பூச்சுக் குழாய் ஒன்றை விரித்து, வளர்ந்த சதையை ஓரிரு வாரம் நசுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

பழைய ஒழுகலுக்கு அவர் எடுத்தது இரு முனையும் சுருண்ட, 2, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரண பிளாஸ்டிக் குழாய். அது ஓட்டையை மூடுவதில்லை. அதன் வழியே நுழைந்து சீழை இரைப்பைக்குள் வடித்துவிடுகிறது. குழி மெல்லச் சுருங்கி ஆறுகிறது. விலை உயர்ந்ததே நல்லது என்று நம்பும் குடும்பங்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

இன்னும் முக்கியமானது, ஒழுகும் இடத்துக்குக் கீழே எங்காவது குறுகியிருக்கிறதா என்பது. இரைப்பையின் வளைவு இறுகியிருந்தால் மேலே அழுத்தம் ஏறும்; அதைச் சரிசெய்யாமல் ஓட்டை ஆறுவது கடினம். பலூன் விட்டு விரிக்க வேண்டியிருக்கும். பித்தப்பையை எடுத்த பின் வரும் பித்தக் கசிவிலும் இதே கணக்குதான். குழாய் கசியும் இடத்தைத் தொடக்கூட வேண்டாம். பித்தநாளம் குடலில் திறக்கும் வாயில் வைத்தால் போதும். பித்தம் அந்த வழியே இறங்கிவிடும்.

வார்டில், ஸ்டென்ட் வைத்திருந்த ஒரு நோயாளியின் மனைவி கேட்டார்: “எப்போ எடுப்பீங்க, டாக்டர்?”

“நாலு வாரத்துல பார்ப்போம், அம்மா. எட்டைத் தாண்ட விடமாட்டேன்.” சொன்னதோடு நிற்காமல், அட்டையில் தேதியையும் எழுதிக் கொடுத்தார்.