ஸ்பானர் பிடித்தவர்களின் பந்தயம்

ஆகஸ்ட் 22, 2024, வியாழன்

மாதக் கடைசியில் சென்னையில் இரவு நேரக் கார் பந்தயம். தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருவையே களமாக்கியிருக்கிறார்கள். அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் அதற்குள் அடக்கம். போன டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. கொல்கத்தா பெயரிலும் ஓர் அணி இறங்குகிறது. அணியின் சொந்தக்காரர் நம்மூர் 'தாதா' சௌரவ் கங்குலி.

இங்கே கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைத்துக் கொடுக்கும் பையன்தான் இதை முதலில் சொன்னான். "தாதாவே டீம் வாங்கிட்டார் சார். இனிமே நம்ம ஊர்லயும் ரேஸ் வந்துடும் பாருங்க."

"நம்ம ஊர்ல ரேஸ் இருந்ததுப்பா. ரொம்ப நாள் நடந்தது."

"குதிரை ரேஸா?"

"கார் ரேஸ். பாரக்பூர்ல."

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குச் சிக்கரி நிறுக்கப் போய்விட்டான். அவன் மேல் குறையில்லை. பாரக்பூர் என்றால் மங்கள் பாண்டே, கன்டோன்மென்ட், சணல் மில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பந்தயத்தைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஒரு பலகைகூட அங்கே இல்லை. எனக்கு நினைவிருப்பதை இந்த நோட்டில் எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

என்னைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனவர் சித்தப்பா. ஸ்டெனோ, அக்கவுண்டன்ட், ரயில்வே குமாஸ்தா என்று தமிழர்கள் நிறைந்திருந்த எங்கள் தெருவில் நகக்கண்ணில் கிரீஸோடு வீடு திரும்புகிற ஒரே மனிதர் அவர். பவானிபூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக். பாட்டிக்கு அதில் வருத்தம் உண்டு. சித்தப்பாவுக்குத் துளியும் கிடையாது.

எழுபதுகளின் குளிர்காலம். ராஷ்பிகாரி முனையில் பஸ் ஏறி சியால்தா, அங்கிருந்து லோக்கல் ரயிலில் பாரக்பூர். விமானப்படையின் ஓடுதளத்தைக் கேட்டு வாங்கி கல்கத்தா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். வளைவுகளில் வைக்கோல் பொதி, எண்ணெய் டிரம். பார்க்க வந்தவர்களைத் தடுக்க ஒரு கயிறு. அவ்வளவுதான் ஏற்பாடு.

அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் செய்த பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்டு. வெளிநாட்டுக் கார் கொண்டுவர வேண்டுமானால் வரி கழுத்தை நெரிக்கும். ஆகவே கடையில் வாங்கிய காரைத்தான் பந்தயத்திலும் ஓட்டினார்கள். கூட்டத்தில் நின்றவர்கள் ஏறிவந்த டாக்சியும் அம்பாசடர், எதிரே சீறிப்போவதும் அம்பாசடர். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வட்டப் பாதையில், கடையில் விற்கிற காரையே ஓட்டிப் போட்டியிடுவதாகத் தொடங்கியது. எங்களுடையது வட்டப் பாதை அல்ல, ஆனால் அதே ஜாதி. பார்க்கிறவனுக்கு ஓடுகிற வண்டியின் உள்ளும் புறமும் தெரியும். அதனால்தான் அத்தனை கூச்சல்.

அம்பாசடருக்கு 1489 சிசி எஞ்சின். பலம் உண்டு, உடம்பும் பெரிது. பின்னால் பட்டை ஸ்பிரிங். வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்பக்கச் சக்கரம் தரையை விடலாமா என்று யோசிக்கும். பியட்டுக்கு 1089 சிசிதான், ஆனால் எஞ்சின் வாயைத் திறந்து பாடும். நேர்ப்பாதையில் அம்பாசடர் முந்தினால் வளைவில் பியட் உள்ளே புகுந்து பிடித்துவிடும். ஹெரால்டு 948 சிசி, மூன்றிலும் சின்னது, சட்டென்று திரும்பும். ஆனால் அதன் பின் அச்சு அமைப்பில் ஓர் ஆபத்து இருந்தது. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் அடியில் மடங்கி வண்டி சுழன்றுவிடும். "ஹெரால்டை ஓட்டறவன் பயப்படக் கூடாது, பயந்தாலும் காலுக்குத் தெரியக் கூடாது" என்பார் சித்தப்பா.

பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் பட்டறை இரவெல்லாம் விழித்திருக்கும். பின்சீட்டைக் கழற்றி எறிவார்கள். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஹெட்டின் அடிப்பரப்பை மயிரிழை மயிரிழையாகச் சீவி, பெட்ரோல் ஆவி இன்னும் இறுகி அழுந்தும்படி செய்வார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு. முன்விளக்குக் கண்ணாடி உடைந்து சிதறாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் பிளாஸ்திரி. சோதனை ஓட்டம் முடிந்து வண்டி வந்து நின்றதும் சித்தப்பா பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டுவார். முனை கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், இளம்பழுப்பாக இருந்தால் சரி. கம்ப்யூட்டர் திரையில் இன்று படிப்பதை அவர்கள் அந்தச் சின்ன உலோக முனையில் படித்தார்கள். அந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மல்லிக் பஜாரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, கப்பலில் வந்து ஒதுங்கிய பாகங்களைப் பொறுக்கி, அளவு சேராததை லேத்தில் கொடுத்துக் கடைந்து சேர்த்த அறிவு.

ஓட்டுநர்களில் கல்கத்தாவின் கின்னி லால் பெயர் கூட்டத்தில் பலமாக ஒலிக்கும். அவருடைய புகழுக்கு அவர் முழு உரிமை உடையவர். ஆனால் வண்டி நின்றதும் ஓடிப்போய்ப் பானட்டைத் தூக்குகிற மனிதர்களின் பெயரை ஒலிபெருக்கி ஒருபோதும் சொன்னதில்லை. எனக்கு அன்றும் அது உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

மத்தியானம் மல்லிக் பஜார் போயிருந்தேன். உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன, ஆனால் அம்பாசடர் சாமான் குறைந்துவிட்டது. உத்தரபாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. 15 ஆண்டு முடிந்த டாக்சி தெருவில் ஓடக் கூடாது என்ற விதியில் மஞ்சள் கார்களும் கரைந்துகொண்டே வருகின்றன. ஹூக்ளியின் மேற்குக் கரையில் அந்த ஆலை, கிழக்குக் கரையில் சில மைல் வடக்கே பாரக்பூர் ஓடுதளம். கார் பிறந்த இடமும் அது பாய்ந்த இடமும் ஒரே ஆற்றின் இரு கரைகளில்.

ஓடுதளம் என்பதும் தற்செயல் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகம் முழுக்க விமானத் தளங்கள் வெறிச்சோடின. அகலமான, நேரான, வண்டி குறுக்கிடாத பாதை வேறெங்கே கிடைக்கும்? இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1948இல் அப்படித்தான் பந்தயக் களமானது. அமெரிக்காவின் செப்ரிங் அப்படி, இலங்கையின் கட்டுக்குருந்த அப்படி. நம் கல்கத்தாவின் ரெட் ரோட்டிலேயே போர்க்காலத்தில் சண்டை விமானங்கள் ஏறி இறங்கின. குண்டு போடப் புறப்பட்ட தளங்களில் இளைஞர்கள் கார் ஓட்டி மகிழ்ந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த சரித்திரம்.

சென்னைக்கு வடக்கே சோழவரமும் போர்க்கால ஓடுதளம்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. ஒரு கல்யாணத்துக்காக ஹவுரா மெயிலில் போனபோது சித்தப்பா முகூர்த்தம் முடிந்த கையோடு என்னை அங்கே அழைத்துப் போனார். ஜி.என்.டி. சாலையில் பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாவற்றிலும் ஜனம். பாரக்பூரில் நான் பார்த்தது பட்டணத்துக் கூட்டம். சோழவரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய விவசாயிகள் கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு என்பீல்டும் ஜாவாவும் பாய்வதைப் பார்த்தார்கள். இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்து ஓட்டுவார்கள். பின்னாளில் விஜய் மல்லையா, கல்கத்தாவில் படித்தவர்தான், ஒரு பழைய என்சைன் பார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார்.

அப்படியும் என் கண் போனது சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமானில் கட்டிய உள்ளூர் வண்டிகள் மேல்தான். சித்தப்பாவுக்குத் தமிழ்ப் பட்டறைக்காரர்களோடு அரை நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது. "எங்கே அண்ணே வேலை?" "கல்கத்தா." "அங்க இரட்டைக் கார்புரேட்டருக்கு மேனிபோல்டு எப்படிப் பண்றீங்க?" பேச்சு அதற்கப்புறம் நிற்கவில்லை. வண்டிக்கு அடியில் இருவரும் படுத்துவிட்டார்கள். கல்யாண வேட்டியோடு.

சென்னையின் பந்தயம் பிழைத்தது, பாரக்பூரின் பந்தயம் மறைந்தது. ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். திறமையில் கல்கத்தா குறைந்ததில்லை. இரவல் நிலம்தான் காரணம் என்பது என் தீர்மானம். ராணுவத்தின் ஓடுதளம் எத்தனை நாளைக்குக் கிடைக்கும்? சென்னைக்காரர்கள் சொந்த நிலம் தேடினார்கள். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை திறந்தார்கள். கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறையும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருந்தன. அங்கே எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். அரண்மனையில் பிறக்காத பையன்களும் அதனால் பந்தயத்துக்குள் வர முடிந்தது. 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தபோது இந்தியப் பந்தயமே தகப்பனை இழந்தது. அவர் ஊர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நிலமும் லேத்தும் ஒரு பிடிவாதக்காரரும் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எங்களுக்கு இரண்டாவது மட்டும் இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

நகரம் துக்கத்திலும் கோபத்திலும் இருக்கிறது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட இளம் டாக்டருக்கு நீதி கேட்டு இன்றும் பெரிய ஊர்வலம். பேத்தி அதில் நடந்துவிட்டு வந்தாள். களைத்துப்போய் உட்கார்ந்தவள் என் பக்கத்தில் சென்னைப் பந்தயத்தைப் பார்த்தாள்.

நேற்று மழையும், பாதுகாப்புச் சான்று வரத் தாமதமும் சேர்ந்து எல்லாம் பின்தள்ளிப்போயின. இன்று வெளிச்சத்தில் அண்ணா சாலை தகதகத்தது. நடுவில் ஒரு நாய் பாதைக்குள் புகுந்து போட்டியை நிறுத்திவைத்தது.

"தாத்தா, இதுல எது நம்ம ஊர் கார்?"

நிறத்தை வைத்துக் காட்டினேன். லீக் போட்டியில் எல்லாம் இத்தாலியில் கட்டிய ஒரே மாதிரி கார்கள். ஓட்டுபவரின் திறமை மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. அது நியாயமான ஏற்பாடுதான். அணிக்கு ஒரு பெண் ஓட்டுநர் என்று வைத்திருப்பது அதைவிட நல்ல ஏற்பாடு. பேத்தி அந்தப் பெண்கள் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1949 ஜூன் 19, அமெரிக்காவின் ஷார்லட் நகரம், முக்கால் மைல் மண் பாதை. கடையில் விற்கிற காரைத்தான் ஓட்ட வேண்டும் என்ற கண்டிப்போடு நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு நடத்திய முதல் போட்டி. கிளென் டன்அவே என்பவர் போர்டு காரில் முதலாவதாக வந்தார். வண்டியைச் சோதித்தபோது பின் ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது. கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள் பாரம் தாங்கச் செய்துகொள்ளும் வேலை அது. அவரை நீக்கிவிட்டு லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். ஓட்டியவர் பெயரும் பரிசு வாங்கியவர் பெயரும் எழுபத்தைந்து வருடமாக அச்சில் இருக்கின்றன. விதி மீறிய ஸ்பிரிங்கூடச் சரித்திரத்தில் ஏறிவிட்டது.

"பாரக்பூர்ல யார் ஜெயிச்சாங்கன்னு எங்க பார்க்கலாம்?" என்று கேட்டாள். கைபேசியில் தேடவும் தேடினாள். பெரிய பெயர்கள் இரண்டு மூன்று கிடைத்தன. சித்தப்பாவைப் போன்றவர்கள் ஒருவர்கூட இல்லை.

செப்டம்பர் 7, சனி, பிள்ளையார் சதுர்த்தி

லேக் மார்க்கெட்டில் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் வாங்கிவந்து பூஜை முடித்தோம். சித்தப்பாவின் தகரப் பெட்டியை மத்தியானம் இறக்கினேன். ஒரு பிளக் ஸ்பானர், ஒரு பீலர் கேஜ், கறுப்பு வெள்ளைப் படங்கள் சில. ஒரு படத்தில் எண் எழுதிய பியட்டைச் சுற்றி ஐந்து பேர். சித்தப்பாவையும், எப்போதும் அவரோடு இருந்த வங்காளி வெல்டரையும் தெரிகிறது. மற்ற மூவரை அடையாளம் சொல்ல இப்போது யாரும் இல்லை. தெரிந்த இருவர் பெயரையும், பாரக்பூர் என்பதையும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்.

பாரக்பூர், சோழவரம், பம்பாய் ஜுஹு, பெங்களூர் அகரம் என்று ஓடுதளப் பந்தயங்களில் வேலை செய்தவர்கள் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. மோட்டார் சங்கங்கள் ஓட்டுநர்களுக்கு வைத்திருக்கும் பட்டியலில் மெக்கானிக்குகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்தால், அவர் கையில் பழைய படங்களைக் கொடுத்து, யார் யார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். ஸ்டீயரிங் பிடித்தவரை விட்டுவிடுங்கள், அவர் பெயர் எங்கேயாவது இருக்கும். பக்கத்தில் ஸ்பானரோடு நிற்கிறவர் பெயரை முதலில் கேளுங்கள்.