கடல்பாசி மேயும் ஆடுகள்... கல்சுவர் கட்டும் விருந்தாளிகள்!

கடல்நீர் வற்றத் தொடங்கியதும், படுத்துக் கிடந்த செம்மறி ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நடக்கின்றன. அவை போவது புல்வெளிக்கு அல்ல, கடலோரப் பாறைகளுக்கு. வழுக்கும் பாறைமீது நின்று, ஈரமான கடல்பாசியைக் கடித்து இழுத்துத் தின்கின்றன. நீர் மறுபடி ஏறும்போது மேட்டுக்குத் திரும்பி, படுத்து அசைபோடுகின்றன. இரவு, பகல் கணக்கெல்லாம் இவற்றுக்குக் கிடையாது. கடல் ஏறுவதும் இறங்குவதும்தான் மேய்ச்சல் நேரத்தைச் சொல்கின்றன.

இந்த ஆடுகள் இருப்பது, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் வடகோடித் தீவான நார்த் ரொனால்ட்சேயில். சுமார் 5 கிலோமீட்டர் நீளமே உள்ள இத்தீவில் வாழும் மக்கள் நூறு பேருக்கும் குறைவு. கிர்க்வால் நகரிலிருந்து எட்டுப் பேர் அமரும் குட்டி விமானத்தில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் வந்துவிடலாம். கப்பல் எப்போதாவதுதான் வரும். கடல் கொந்தளித்தால் அதுவும் வராது.

பறவைக்குக் கணக்கு, ஆட்டுக்குப் பட்டி

வெளியூரார் தங்குவது பெரும்பாலும் இங்குள்ள பறவை ஆய்வு நிலையத்தில்தான். 1987-ல் தொடங்கப்பட்ட இந்த இடம் ஆய்வுக்கூடம், தங்கும் விடுதி, ஆட்டுப்பண்ணை மூன்றும் சேர்ந்தது. வலசை வரும் பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். தங்க வந்தவர்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சாப்பாட்டு மேசைக்கு வருவது பாசி தின்று வளர்ந்த ஆட்டின் கறி.

பயிரைக் காக்க வந்த சுவர்

தீவைச் சுற்றி ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு ஓடுகிறது ஒரு கல்சுவர். சாந்து கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கியதுதான். ஆள் உயரம் இருக்கும். முன்பு தீவு மக்கள் கடல்பாசியை எரித்து, கண்ணாடியும் சோப்பும் செய்யப் பயன்படும் சாம்பலை விற்று வந்தார்கள். அந்த வியாபாரம் படுத்ததும், பிழைப்புக்கு நிலத்தையே நம்ப வேண்டியதாயிற்று. பயிரையும் மாட்டுக்கான புல்லையும் காப்பாற்ற, 1832-ல் சுவர் எழுப்பி ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் ஒதுக்கினார்கள். பட்டிச்சுவர் ஆட்டை உள்ளே வைக்கும். இந்தச் சுவரோ ஆட்டை வெளியே வைக்கிறது. குட்டி போடும் பருவத்தில் மட்டும் தாய் ஆடுகளைச் சில மாதம் புல்வெளிக்குள் விடுகிறார்கள்.

விரட்டப்பட்ட ஆடுகள் பாசியிலேயே பிழைத்துக்கொண்டன. குளிர்காலப் புயல் கரையில் பாசியைக் குவித்துவிடுவதால், மற்ற ஆடுகள் மெலியும் அந்தக் காலத்தில் இவை கொழுக்கின்றன. ஆனால், இதில் ஒரு சிக்கலும் உண்டு. பாசியில் ஆட்டுக்குக் கிடைக்கும் செம்புச் சத்து மிகக் குறைவு. எனவே, கிடைக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும்படி இவற்றின் உடல் பழகிவிட்டது. நெடுநாள் புல்லையே மேய்ந்தால், அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும்.

நம்மூர் செம்மறிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. செம்மறி இனத்துக்கே அதிகச் செம்பு ஆகாது. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை அப்படியே செம்மறிக்கு வைக்கக் கூடாது. செம்மறிக்கென உள்ள கலவையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே நல்லது.

கல் இருக்கிறது, கை இல்லை

சுவரில் ஓர் இடம் இடிந்தால் ஆடுகள் உள்ளே புகுந்துவிடும். பயிரும் புல்லும் போவது ஒருபுறம். ஆடுகளுக்குச் செம்பு நஞ்சாகும் ஆபத்து மறுபுறம். வேறு இனக் கிடாயோடு சேர்ந்தால், இந்த அரிய இனமே கலந்துபோகும்.

முன்பெல்லாம் குடும்பத்துக்கு இவ்வளவு தூரம் என்று சுவரைப் பங்கு பிரித்துப் பராமரித்தார்கள். நம் ஏரிகளுக்கு இருந்த குடிமராமத்து போன்ற ஏற்பாடுதான். 19-ம் நூற்றாண்டில் 500 பேருக்கு மேல் இருந்த தீவுக்கு அது பெரிய பாரமாக இல்லை. இப்போது ஊரில் பலர் முதியவர்கள். புயல் தள்ளிய இடத்தைத் தூக்கிக் கட்ட ஆள் போதவில்லை.

அதற்கு ஊரார் கண்ட வழி, வெளியூராரை அழைப்பது. 2016 முதல் கோடையில் ஆட்டுத் திருவிழா நடத்துகிறார்கள். வருபவர்கள் தீவிலேயே தங்கி, ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டுக் கல் அடுக்குகிறார்கள். பெரிய கல் அடியில், சிறியது இடுக்கில், இரண்டு கல்லின் இணைப்புக்கு மேல் ஒரு கல் என்று பழகுவதற்குள் கை காய்த்துவிடுகிறது. மாலையில் ஒரே மேசையில் சாப்பாடு.

அப்படிக் கட்டிய இடத்தையும் அடுத்த குளிர்காலப் புயல் தள்ளிவிடுவது உண்டு. அதற்காகப் புதுக்கல் வாங்க வேண்டியதில்லை. விழுந்த கல் அங்கேயே கிடக்கும். எடுத்து அடுக்க ஆள் வந்தால் போதும்.