பதினோராவது வரி

நாற்பது பேர் இருக்கும் ஒரு வாசிப்புக் குழுவுக்காகச் சின்னதாய் ஒரு சாட் சர்வர் நடத்துகிறேன். மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையில் ஓடுவது. "பேசுறவங்க பேசப்போறாங்க, உனக்கு அதுல என்ன வேலை?" என்று வீட்டில் கேட்பார்கள். வேலை இரண்டுதான்: அறைக்குள் யார் இருக்கலாம், இருப்பவர் எவ்வளவு வேகமாகப் பேசலாம்.

முதல் கேள்விக்கு மேட்ரிக்ஸ் ஐந்து நிலைகள் வைத்திருக்கிறது. அழைக்கப்பட்டவர், சேர்ந்தவர், விலகியவர், தடுக்கப்பட்டவர், கதவைத் தட்டிக் காத்திருப்பவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்களாகப் போனாலும், நிர்வாகி உங்களை வெளியே அனுப்பினாலும் பதிவாகும் நிலை ஒன்றுதான்: விலகியவர். அந்தப் பதிவை யார் எழுதியது என்று திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது கேள்வி பழையது. 1988இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் ஐஆர்சியை எழுதினார். 1993இல் வந்த அதன் விதிமுறை ஆவணத்திலேயே வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் 2 விநாடி கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு கடிகாரத்தைவிட 10 விநாடி முந்திவிட்டால், சர்வர் நீங்கள் அனுப்புவதை வாசிப்பதைக் கொஞ்சநேரம் நிறுத்திவிடும்.

எங்கள் சர்வரில் ஓடும் சினாப்ஸ் மென்பொருளும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பத்து டோக்கன். ஒரு செய்திக்கு ஒன்று போகும். ஐந்து விநாடிக்கு ஒன்று திரும்ப வரும். மென்பொருளோடு வரும் கணக்கு இது. ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்றிருந்தபோது, ஒரு ராத்திரி முகம் தெரியாத ஆட்கள் புகுந்து கிரிப்டோ லிங்குகளைக் கொட்டினார்கள். அன்றைக்கு இந்த டோக்கன் கணக்குதான் அறையைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு, உள்ளே இருப்பவர் யாராவது அழைத்தால் மட்டுமே புதியவருக்குக் கணக்கு.

ஆனால் டோக்கன் எண்ணுவது செய்திகளை, சொற்களை அல்ல. குழுவில் ஒரு அண்ணன் நாவல் பற்றி அறுநூறு சொல்லில் ஒரே செய்தியாக எழுதுவார். ஒரு டோக்கன். மேட்ரிக்ஸில் ஒரு செய்தி 65,536 பைட் வரை போகலாம். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்றாலும் ஒரு சிறுகதையே அடங்கும். இன்னொரு அக்கா பேசுவதுபோலவே தட்டுவார். "தம்பி." "இருக்கீங்களா." "ஒண்ணு சொல்லணும்." மூன்று டோக்கன் போச்சு, விஷயம் இன்னும் வரவில்லை.

அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி, பத்து வரி அப்படித்தான் வந்தது. பதினோராவது வரியில்தான் ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அது அவர் போனில் சிவப்பாக நின்றுவிட்டது. ஐந்து விநாடி பொறுத்து மறுபடி அழுத்தியிருந்தால் போயிருக்கும். அவர் அழுத்தவில்லை. வேறொரு தோழிக்குப் போன் போட்டார், ரத்தமும் கிடைத்தது. மறுநாள் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, என்னைக் குரூப்ல இருந்து எடுத்துட்டீங்களா?"

சர்வருக்கு இந்த இரண்டும் வேறுவேறு. வேகம் மிஞ்சினால் 429 என்ற எண்ணோடு, எத்தனை மில்லிவிநாடி கழித்து வரலாம் என்றும் சொல்லும். அறையில் இடமில்லை என்றால் 403. சர்வர் பதிவில் அன்றைக்கு 429தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவருக்குத் தெரிவது ஒரு சிவப்புக் குறி மட்டும். பொறுங்கள் என்பதும் போங்கள் என்பதும் அங்கே ஒன்றாகத்தான் கேட்கிறது.

அவருக்கு மட்டும் வரம்பைத் தளர்த்தலாம். சினாப்ஸில் தனிநபருக்கு அப்படி வைக்க வழி இருக்கிறது. குழுவில் கேட்டேன். "ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும்" என்றார் நீளமாக எழுதும் அண்ணன். "எனக்குத் தனிச் சலுகை வேண்டாம்" என்றார் அக்காவும். இரண்டு பேர் சொன்னதும் சரி. கதவில் ஆள் பார்த்து விடுகிற அறையில் உள்ளே இருப்பவர்களை அவ்வளவு எண்ண வேண்டியதில்லை. கதவைத் திறந்துபோட்டால்தான் உள்ளே எண்ண வேண்டும்.

எல்லாருக்கும் டோக்கனை நாற்பதாக்கினேன். நிரம்பும் வேகத்தை மாற்றவில்லை. யாருடைய கணக்காவது களவுபோனால் அது வேண்டும். அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று பதினேழு வரி எழுதினார். எல்லாம் வந்து சேர்ந்தது.