மடையை அடைத்தவர் யார்?

திருப்பலியின் தொடக்கத்தில் நாள்தோறும் நெஞ்சில் அறைந்துகொண்டு நம் பாவங்களை அறிக்கையிடுகிறோம். எண்ணத்தில் செய்தவை, சொல்லில் செய்தவை, செயலில் செய்தவை என மூன்றையும் சொல்லி, நான்காவதாகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் சொல்கிறோம். நம் பாட்டனார் காலத்து இலத்தீன் அறிக்கையில் முதல் மூன்றுமே இருந்தன. நான்காவது, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1970ஆம் ஆண்டில் வெளிவந்த திருப்பலிப் புத்தகத்தில்தான் இடம்பெற்றது. திருச்சபை புதிதாக ஒரு பாவத்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. நன்மை இன்னதென்று அறிந்தும் செய்யாதவன் பாவம் செய்கிறான் என்பது யாக்கோபின் திருமுகத்திலேயே உள்ள போதனைதான். அந்தப் பழைய உண்மைக்கு அன்றாட வழிபாட்டில் ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே. குருவான நாள் முதல் அதைச் சொல்லிவந்த நாம், அதன் பொருளைக் கற்றது 2015 டிசம்பரில், ஒரு மதில் சுவரின் அடியில்.

அப்போது நாம் பணியாற்றியது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஒரு சிறு பங்கு. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டையும் வந்தபின் பிழைப்புத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களே அங்குப் பெரும்பான்மை. உழைப்பாளிகள், பக்தியில் குறைவில்லாதவர்கள். ஆனால் வந்து குடியேறியவர்களாகிய நம் யாருக்கும் அந்த மண்ணின் பழைய கணக்குத் தெரியாது. அது ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் மாதவரம் பக்கத்து ஏரிக்கும் நீர் செல்லும்படி முன்னோர் வகுத்து வைத்த நிலம். அங்கே ஒவ்வொரு தெருவும் ஏதோ ஒரு நீரின் வழியில்தான் நிற்கிறது.

நம் ஆலய வளாகத்தின் பின்பக்கச் சுவரின் அடியிலும் இரண்டடி அகலத்தில் ஒரு திறப்பு இருந்தது. பின்தெருவின் மழைநீர் அதன் வழியாக வளாகத்தில் புகுந்து முன்பக்க வாய்க்காலில் சேரும். மக்கள் அதை மடை என்பார்கள். மழையில்லாத நாள்களில் அதன் வழியே சாக்கடை நீரும், சில வேளைகளில் பன்றிகளும் வந்தன. 2013இல் பழைய சுவரை இடித்துப் புதிய மதில் எழுப்பியபோது, மாதா கெபியின் அருகே இப்படியோர் அசுத்தம் வேண்டாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. வேலை செய்த கொத்தனார், “சாமி, இது தண்ணி போற வழி. அடைச்சா அந்தப் பக்கம் நின்னுடும்” என்றார். திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அடைக்கச் சொன்னோம். இக்கட்டுரை முழுவதும் ‘நாம்’ என்று எழுதுவது பொறுப்பைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அன்று. பேரவைக் குறிப்பேட்டில் உள்ள கையொப்பம் நம்முடையதே.

அடுத்த பருவமழை பெரிதாக இல்லை. கொத்தனாரின் சொல்லையும் மறந்துபோனோம்.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றின் இரு கரைகளிலும் நேர்ந்த பேரழிவை நாடறியும். நம் பங்கு அடையாற்றங்கரையில் இல்லை. நம் பின்தெருவில் நின்றது ஆற்று வெள்ளமும் அன்று. போக வழியில்லாமல் நின்ற மழைநீர். மதிலுக்கு இப்பால் ஆலய வளாகத்தில் கணுக்கால் அளவு. அப்பால், பதினொரு வீடுகளில் இடுப்பளவு.

அந்த வீடுகளின் மக்களை ஆலய மண்டபத்தில் தங்க வைத்தோம். இளைஞர்கள் இரவு பகலாக உணவுப் பொட்டலம் சுமந்தார்கள். சாதி மத வேறுபாடு பாராமல் எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்து உண்டோம். டிசம்பர் 6, திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு. ஆண்டவரின் வழியைச் செம்மையாக்கும்படி பாலைநிலத்தில் ஒலித்த யோவானின் குரலே அன்றைய நற்செய்தி. நாமோ, இறைவன் தம் மக்களைச் சோதிக்கிறார், அவருடைய சித்தத்துக்குப் பணிவோம், இழந்ததை அவர் இரட்டிப்பாய்த் தருவார் என்று மறையுரை ஆற்றினோம். சிலர் கண் கலங்கினார்கள். நல்ல மறையுரை என்றே நாமும் எண்ணினோம்.

திருப்பலி முடிந்ததும் பின்தெருவில் வசிக்கும் ஓர் அம்மா வந்தார். கணவரை இழந்தவர். ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்து மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். தையல் இயந்திரத்தின் மோட்டார் நீரில் மூழ்கிப் போயிற்று. தைத்து முடித்த துணிக்கட்டுகளும் சேறாகிவிட்டன. அவற்றின் விலையை நிறுவனத்துக்கு அவர்தாம் கட்ட வேண்டும். குரலில் கோபமே இல்லாமல் அவர் கேட்டார்: “ஏன் சாமி, மழைய அனுப்புனது கடவுளாவே இருக்கட்டும். மடைய அடைச்சது யாரு?”

நம்மிடம் விடையில்லை. விடை தெரிந்திருந்ததால்தான் வாய் எழவில்லை.

பூந்தமல்லிக் குருமடத்தில் பயின்ற பாடம் அன்றிரவு நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் முதற்காரணர் இறைவனே. ஆயினும் அவர் படைப்புப் பொருள்களையும் மனிதரையும் உண்மையான காரணங்களாகவே இயங்க விடுகிறார் என்பார் புனித அக்குவினா தோமையார். மனிதனுக்கு அது பெருமை. பெருமை உள்ள இடத்தில்தான் பொறுப்பும் இருக்கிறது. நம் கையால் ஆனதை இறைவன் தலையில் ஏற்றிவிட்டு அதற்குப் ‘பணிவு’ என்று பெயரிடுவது, அவர் தந்த அந்தப் பெருமையையே திருப்பித் தந்துவிடுவதாகும். இறைசித்தம் என்ற சொல்லை நாம் நம்பிக்கைக்காகச் சொன்னோமா, அல்லது ஒளிந்துகொள்ளச் சொன்னோமா? ஏதேன் தோட்டத்து மரங்களுக்கு இடையே ஆதாம் ஒளிந்ததும் நினைவுக்கு வந்தது.

நம் தெருவில் எழுந்த கேள்விதான் பின்னர் மாநிலம் முழுவதும் எழுந்தது. வராத மழை வந்தது, யார் என்ன செய்ய முடியும் என்றார்கள் ஒரு சாரார். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் மேலாண்மையில் நேர்ந்த குறைகளைச் சுட்டி, மனிதர் பங்கும் அதில் உண்டென்று காட்டியது. அதிகாரிகளைக் குறைகூற நமக்கு எளிதாகத்தான் இருந்தது. செம்பரம்பாக்கத்துக்கு மதகுகள் உண்டென்றால் நமக்கும் இரண்டடியில் ஒரு மடை இருந்ததே!

பண்டைத் தமிழர் இதில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, இன்றும் நிற்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம் என ஒரு குழுவையே குடவோலையால் தேர்ந்தெடுத்தார்கள். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்வு பெற முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் அந்த உரிமை இல்லை. கோயில் எழுப்பிய கைகளே ஏரிக் கரையையும் காத்தன. மழை தெய்வத்தின் கொடை என்று அவர்களும் நம்பினார்கள். கணக்கை மட்டும் தெய்வத்திடம் கேட்கவில்லை, மனிதரிடம் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் 13. நற்செய்தி அதே யோவானைத் தொடர்ந்தது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் அவரைக் கேட்கிறார்கள். அவர் யாரையும் பாலைநிலத்துக்கு வந்து நோன்பிருக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். வரி தண்டுபவனிடம் வரியைப் பற்றியும், படைவீரனிடம் மிரட்டிப் பறிப்பதைப் பற்றியும் பேசுகிறார். அவரவர் தொழிலில் அவரவர் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே மனமாற்றத்தைக் கேட்கிறார். சோதனை செய்யாத உதிரிப் பாகத்துக்குக் கையொப்பமிடும் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் அவர் என்ன சொல்வார்? எடையில் கைவைக்கும் கடைக்காரரிடம்? குப்பையை வாய்க்காலில் கொட்டும் இல்லத்தரசியிடம்? மடையை அடைத்த பங்குக் குருவிடம்?

அன்று மறையுரைக்குப் பதிலாக, 2013ஆம் ஆண்டுக் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை வாசித்தோம். கொத்தனார் சொன்னதையும் நாம் சொன்ன பதிலையும் கூறினோம். பின்தெருவினரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆலயத்தில் எழுந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை இளைஞர்கள் கடப்பாரையுடன் வந்தார்கள். அந்தக் கொத்தனாரே வந்து, உடைக்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக் கொடுத்தார்.

அந்த அம்மாவுக்குப் புதிய தையல் இயந்திரமும் பாழான துணிக்கான தொகையும் பங்கிலிருந்து கொடுத்தோம். கணக்கர் அதை ‘ஏழைகளுக்கு உதவி’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, ‘தர வேண்டிய கடன்’ என்று எழுதச் சொன்னோம். சக்கேயு நாலத்தனையாய்த் திருப்பித் தந்தானே, அது தருமமா? இல்லை, ஈடு. உத்தம மனஸ்தாபத்தோடு ஈடுசெய்தலும் சேர்ந்தால்தான் ஒப்புரவு நிறைவு பெறும். அந்த டிசம்பர் 8 அன்றுதான் திருத்தந்தை பிரான்சிஸ் இரக்கத்தின் யூபிலி ஆண்டைத் தொடங்கிவைத்திருந்தார். இரக்கம் காட்டும் முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதே அவ்வாண்டில் நாம் கற்ற முதற்பாடம்.

இரண்டு ஆண்டுகளில் நமக்கு வேறு பங்குக்கு மாற்றல் வந்தது. பொறுப்பை ஒப்படைத்தபோது திருப்பலிப் பாத்திரங்கள், பதிவேடுகள், சாவிகள் என்ற பட்டியலின் கடைசியில் நம் கையால் ஒரு வரி சேர்த்தோம்: பின்சுவர் மடை, புரட்டாசி முடியுமுன் தூர்வாரவும். அடுத்து வந்த குரு இளைஞர். படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு, “எங்கே இருக்கிறது, காட்டுங்கள் சாமி” என்று எழுந்து நம்முடன் நடந்து வந்தார்.