பாவம், அந்த சென்சார்

புகைச் சான்றிதழ் முடிய ஐந்து நாள் இருக்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரைச் செருகினேன். பி0171 என்ற பிழைக் குறியீடு. கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அழித்தேன். மறுநாள் மாலை மறுபடி எரிந்தது.

ஆக்சிஜன் சென்சார்தான் போயிருக்கும் என்று உதிரிபாகக் கடையில் அடித்துச் சொன்னார்கள். சில ஆயிரங்களை எண்ணிக் கொடுத்துப் புதிது மாட்டினேன். விளக்கு அசரவில்லை.

சான்றிதழ் போடும் இடத்தில் சும்மா ஒருமுறை பார்க்கச் சொன்னேன். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டியில் 0.8. பெட்ரோல் கூடினால்தானே அது ஏறும்? ஒரே வயிற்றைப் பார்த்து ஒருவர் பசி என்கிறார், இன்னொருவர் அஜீரணம் என்கிறார்.

சிங்காநல்லூரில் பழக்கமான மெக்கானிக் ஒருவர். "ராத்திரியே வண்டிய விட்டுட்டுப் போங்க சார், எஞ்சின் நல்லா ஆறோணும்" என்றார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் காதைக் கொடுத்தார். டிக், டிக், டிக். சூடேற ஏறச் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. டார்ச் அடித்து, மேனிஃபோல்ட் விளிம்பில் மை தீட்டியது போலிருந்த கரிக்கோட்டைக் காட்டினார்.

"கேஸ்கெட் போயிருச்சுங்க. புகை வெளிய வர்ற ஓட்டையில காத்தும் உள்ள போகுமுங்க."

புகை ஆற்றுநீர் போல ஒரே சீராக வருவதில்லை. சிலிண்டர் சிலிண்டராக விட்டுவிட்டு வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் இறங்கும் நொடியில் அந்த ஓட்டை வெளிக்காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜன் எந்த வழியாக வந்தது என்று சென்சாருக்கு எப்படித் தெரியும்? 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டியது, பெரும்பாலும் அடியிலேயே கிடந்தது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டியது. என் ஸ்கேனரே இந்த வோல்ட்டைக் காட்டும். குறியீட்டைப் படித்து அழிக்கும் அவசரத்தில் அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

அவர் கேஸ்கெட்டை மாற்றியதும், நான் கழற்றிய பழைய சென்சாரை அவரிடம் கொடுத்தேன். ஹீட்டர் வயர்களில் மீட்டரை வைத்துப் பார்த்தார். திரும்ப மாட்டி வண்டியை ஓடவிட்டு வோல்ட்டையும் பார்த்தார்.

"இதைய எதுக்குங்க மாத்துனீங்க?"

பதில் சொல்லவில்லை. கேஸ்கெட் சில நூறு ரூபாய்தான். நான்காம் நாள் சான்றிதழ் கிடைத்தது. பழைய சென்சார்தான் வண்டியில் ஓடுகிறது. புதியது துணி சுற்றி டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.