எல்லாம் கணிக்கும் மொழி

கல்லூரி அன்னையின் மடியிலே கணிதம் பயின்று சென்ற யான், பிற்காலத்தில் மாணாக்கருக்கெனச் செய்நிரல் மொழியொன்றை ஆக்கினேன். கூட்டல், தேர்வு, மீள்செயல் ஆகிய மூன்றும் அதில் அமைந்திருந்தன. ஆயின் எத்தனை முறை மீளச் செய்வது என்பதைத் தொடங்குமுன்னரே கூறிவிடல் வேண்டும். ஆதலின் எச்செய்நிரலும் முடிவின்றிச் சுழலாது. இதனால் ஆகாத கணிப்பு இல்லையெனச் செருக்குற்று, முதுமையுற்றிருந்த என் கணித ஆசானிடம் அதனைக் காட்டினேன்.

அவர் புன்னகைத்து, "தம்பி, அக்கர்மன் 1928 இல் தந்த சார்பை இதிலே கணித்துக் காட்டும், பார்ப்போம்" என்றார். கூட்டல், பெருக்கல், அடுக்கு என மேன்மேலும் தாவி வளர்வது அச்சார்பு. பல நாள் முயன்றும் தோற்றேன். எண்ணி வரையறுத்த மீள்செயல்களை எத்துணை அடுக்கினும், அஃது அவற்றை விஞ்சிவிடும்.

பின்னர், 'நிபந்தனை நிலைக்கும் வரை மீளச் செய்க' என்னும் கட்டளையொன்றைச் சேர்த்தேன். எண்கள் எத்துணை பெருகினும் நினைவகத்தில் இடமுண்டெனக் கொண்டால், அலன் ரியூரிங் 1936 இல் வகுத்த பொறி கணிப்பன யாவற்றையும் என் மொழியும் கணிக்கும். ஆயின் அதற்கு விலையும் உண்டு. ஒரு செய்நிரல் முடிவுறுமா என்பதை எல்லாச் செய்நிரல்களுக்கும் பொருந்த முன்னறிந்து கூறும் முறை இனி இல்லை.

தவறவே இடந்தராத மொழி முழு வல்லமையும் தராது என்பதை ஆசான் ஒரே வினாவால் உணர்த்தினார். அவர் இன்றில்லை. இம்மலர் வாயிலாக அவருக்கு என் வணக்கம் உரியதாகுக.