நிழல் முந்திய கதை

கிளிஃப் ரிச்சர்டைத் தெரியுமா உங்களுக்கு? சொந்தப் பேர் ஹாரி வெப். பிறந்தது 1940-ல், நம்ம லக்னோவில். 1948-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போன பையன், பத்தே வருஷத்தில் 'மூவ் இட்' என்று ஒரு பாட்டுப் பாடி அந்த ஊரையே ஆட வைத்தார். பீட்டில்ஸ் வருவதற்கு முன் பிரிட்டனின் ராக் அண்ட் ரோல் என்றால் இவர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இவரைப் பற்றி இல்லை. பின்னால் நின்று வாசித்த ஆட்களைப் பற்றி.

முதலில் அவர்கள் 'டிரிஃப்டர்ஸ்'. அதே பேரில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு கோஷ்டி இருந்ததால் சிக்கல். 1959-ல் பேஸ் கிடார் வாசித்த ஜெட் ஹாரிஸ் புதுப் பேர் சொன்னார்: 'ஷாடோஸ்'. நிழல்கள்! பொருத்தத்தைப் பாருங்கள்.

1960 ஆகஸ்ட். கிளிஃபின் 'ப்ளீஸ் டோன்ட் டீஸ்' பிரிட்டனில் நம்பர் ஒன். அதைக் கீழே தள்ளியது எது தெரியுமா? ஷாடோஸ் தனியாக வாசித்த 'அப்பாச்சி'. பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம். இதில் வேடிக்கை, தள்ளப்பட்ட பாட்டுக்கும் வாசித்தவர்கள் இவர்களேதான்! இன்னொன்று கேளுங்கள். 'அப்பாச்சி'யின் ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு சீன டிரம் தடதடக்கும். அதைத் தட்டியவர் கிளிஃப். ஹாங்க் மார்வின் கையிலிருந்த சிவப்பு ஃபெண்டர் கிடாரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவரும் அவரே. நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கில் யாரைப் பற்றில் எழுதுவது, யாரை வரவில் எழுதுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

நிழலுக்கும் நிழல் உண்டு. குழுவைவிட்டு விலகிய ஜெட் ஹாரிஸும் டிரம்மர் டோனி மீஹனும் 1963-ல் 'டயமண்ட்ஸ்' வாசித்து, ஷாடோஸின் 'டான்ஸ் ஆன்' பாட்டையே முதலிடத்திலிருந்து இறக்கினார்கள். அதே வருஷம் கார் விபத்து, கூடவே குடி. பேர் வைத்த மனிதர் பிற்பாடு பஸ் கண்டக்டராகக்கூட வேலை பார்த்தார். 2010-ல் அவருக்கு எம்.பி.இ. விருது கொடுத்தார்கள். மறு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளிஃபும் ஷாடோஸும் 2009-ல் கடைசி முறையாகச் சேர்ந்து ஊர் ஊராக வாசித்தபோது அந்த மேடையில் அவர் இல்லை.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்கிறீர்களா? இந்தப் பக்கத்தில் என் பேர் இருக்கிறது, மூலையில் போட்டோவும் இருக்கிறது. வாராவாரம் என் ஒற்றுப் பிழைகளைத் திருத்துகிற நண்பரின் பேர் எங்கேயும் அச்சானதில்லை. போடட்டுமா என்று கேட்டேன். "சும்மா இருங்க சார், முதல்ல பேஸா பாஸான்னு முடிவு பண்ணுங்க" என்றார்.